1,400 லிட்டர் பிளைவுட் மீன்தொட்டி: கையைக் கடிக்காமல் கட்ட முடியுமா?

#1 ஈரக்கை

வணக்கம் நண்பர்களே. என்னிடம் 400 லிட்டர் கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் விரல் நீளத்தில் வாங்கி வந்த வெள்ளி அரோவானா இப்போது 55 செ.மீ. ஆகிவிட்டது. தொட்டியின் அகலமோ 45 செ.மீ. ஒவ்வொரு முறையும் உடம்பை வில்லாக வளைத்துத்தான் திரும்புகிறது, வால் பின்கண்ணாடியில் உரசுகிறது. பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. யோசிக்காமல் வாங்கிய தப்பு என்னுடையது. கூடவே இரண்டு ஆஸ்கார் மீன்களும் இருக்கின்றன.

எட்டடி நீளத்தில் முழுக் கண்ணாடித் தொட்டிக்கு விலை கேட்டேன். தொகையைக் கேட்டதும் வந்த வழியே திரும்பிவிட்டேன். அதனால் பிளைவுட்டில் நானே கட்டலாம் என்று இருக்கிறேன். என் திட்டம் இது: நீளம் 244, அகலம் 90, உயரம் 90 செ.மீ. முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. மற்ற மூன்று பக்கமும் அடியும் 12 மி.மீ. பிளைவுட், அது ஏற்கெனவே வீட்டில் கிடக்கிறது. உள்ளே மொட்டைமாடிக்கு அடிக்கும் நீர்த்தடுப்புப் பெயின்ட் நான்கு கை. மூலைகளில் சிலிக்கான்.

இதில் இன்னும் எங்கே செலவைக் குறைக்கலாம்?

#2 கண்ணாடிக்கட்சி

ஆசையைக் குறைக்கலாம்.

கிண்டல் அல்ல. 500 லிட்டருக்குக் கீழே பிளைவுட்டில் கட்டுவது வீண்வேலை. யாரோ பயன்படுத்திய கண்ணாடித் தொட்டி அதைவிட மலிவாகவே கிடைக்கும். அதற்கு மேலே போனால்தான் பிளைவுட் பற்றிப் பேசவே அர்த்தம் உண்டு. நீங்கள் அந்த எல்லையைத் தாண்டியிருப்பது உண்மைதான். ஆனால் உங்கள் திட்டத்தில் நான்கு அம்சங்கள் தவறு. நீளமும் அகலமும் மட்டும் சரி.

#3 படகுப்பட்டறை

கண்ணாடிக்கட்சி முகத்தில் அடித்தாற்போல் சொன்னாலும் சரியாகத்தான் சொல்கிறார். நான் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். தொழில் மரப்படகு பழுதுபார்ப்பு, தொட்டி இதுவரை மூன்று கட்டியிருக்கிறேன். படகுக்காரனுக்குத் தண்ணீரை வெளியே நிறுத்தப் பழக்கம், உள்ளே நிறுத்துவதும் அதே வித்தைதான்.

முதலில் உயரம். தண்ணீர் சுவரை எவ்வளவு தள்ளும் என்பது தொட்டியில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அல்ல, எவ்வளவு ஆழம் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. அகலத்தை 90-இலிருந்து 180 ஆக்கினாலும் முன்சுவரின் மேல் ஒரு கிராம் சுமைகூட ஏறாது. ஆனால் ஆழம் கூடினால் சுமை அதன் வர்க்கத்தில் ஏறும். உங்கள் 90 செ.மீ. உயரத் தொட்டியில் தண்ணீர் 83 செ.மீ. நிற்கும் என்று வையுங்கள். 240 செ.மீ. நீள முன்சுவரின் மேல் மொத்தம் 830 கிலோ அளவுக்குத் தள்ளும். உயரத்தை 75 ஆக்கி, தண்ணீரை 68-இல் நிறுத்தினால் அதே சுவருக்கு 555 கிலோ. பதினைந்து செ.மீ. விட்டுக்கொடுத்தால் சுமையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. அரோவானா மேல்மட்டத்தில் நீந்தும் மீன். அதற்கு வேண்டியது நீளமும் அகலமும்தான், ஆழம் உங்கள் கண்ணுக்காக.

அடுத்தது கண்ணாடி. செலவைக் குறைக்கும் இடம் உண்மையில் இதுதான். முன்பக்கம் முழுவதும் கண்ணாடி என்றால் பிளைவுட் தொட்டியின் லாபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. முன்பக்கத்தையும் பிளைவுட்டாகவே வையுங்கள். அதில் 200 செ.மீ. நீளம், 48 செ.மீ. உயரத்துக்கு ஒரு ஜன்னல் வெட்டுங்கள். கீழே 14, மேலே 13 செ.மீ. பலகை மிஞ்சும். கண்ணாடியை உள்ளிருந்து, ஜன்னலைவிட எல்லாப் பக்கமும் 6 செ.மீ. பெரிதாக வைத்தால், தண்ணீரே அதைப் பலகையோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். வெளியிலிருந்து ஒட்டினால் அதே தண்ணீர் அதைப் பிடுங்கித் தள்ளப் பார்க்கும்.

இப்போது அந்தக் கண்ணாடி 48 செ.மீ. குறுக்கே மட்டும்தான் வளைய வேண்டும். நான் போட்ட கணக்கில், 12 மி.மீ. சாதாரணக் கண்ணாடியில் இழுதகைவு, அதாவது ஒரே அளவுப் பரப்புக்கு விழும் இழுவிசை, 3.5 மெகாபாஸ்கல் வருகிறது. தொட்டி கட்டுபவர்கள் கண்ணாடியின் வலிமையை 19.2 என்று எடுத்து, அதைப் பாதுகாப்புக் காரணி 3.8-ஆல் வகுப்பது வழக்கம். அப்படிப் பார்த்தால் 5 வரை தாங்கும். ஆக 12 மி.மீ. போதும். ஆனால் ஒரு நிபந்தனை. சட்டம் வளையாமல் நின்றால்தான் இந்தக் கணக்கு. சட்டம் வயிறு தள்ளினால் கண்ணாடியும் கூடவே போகும்.

#4 ஈரக்கை

நன்றி ஐயா. உயரத்தை விட மனம் வரவில்லைதான், ஆனால் 830-க்கும் 555-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தபின் வாதிட முடியவில்லை. 75 என்று முடிவு செய்துவிட்டேன்.

வெட்டிய இடத்தில் உடையாது என்று கடினப்படுத்திய கண்ணாடி வாங்கச் சொல்கிறார் ஒரு நண்பர். அதே விலையில் மெல்லியதாக வாங்கலாமாம்.

#5 படகுப்பட்டறை

அது உடைவதற்குத்தான் அதிக வலிமையைக் கேட்கும். வளைவது சாதாரணக் கண்ணாடி அளவுக்கே வளையும். மெல்லியதாக வாங்கினால் உடையாது, ஆனால் நன்றாக வளையும், சிலிக்கான் ஒட்டு பிய்ந்துகொண்டு வரும். அதோடு கடினப்படுத்திய பிறகு அதை வெட்டவோ துளையிடவோ முடியாது, அளவு ஒரு செ.மீ. தவறினாலும் அவ்வளவுதான். உடைந்தால் ஒரு விரிசலோடு நிற்காது, மொத்தமும் பொடியாகும். 1,400 லிட்டரும் ஒரே மூச்சில் உங்கள் வீட்டுக்குள் வரும்.

#6 உளிச்சத்தம்

தச்சு வேலையைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லையே.

அந்த 12 மி.மீ. பலகையை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். 18 மி.மீ. வேண்டும். 244 × 122 பலகை நான்கு: ஒன்றில் அடிப்பலகை, ஒன்றில் பின்சுவர், ஒன்றில் முன்சுவர், நான்காவதில் பக்கச்சுவர் இரண்டும். ஒவ்வொன்றிலும் மிஞ்சும் நீளத் துண்டுகளை எறியாதீர்கள், மேல்விளிம்புக்கு வேண்டும்.

'மரைன்' என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். மரைன் பிளைவுட்டிலும் தண்ணீர் புகும், மரமும் உளுக்கும். அதில் பசைதான் தண்ணீருக்கு அசையாது, உள் அடுக்குகளில் ஓட்டை இருக்காது, அவ்வளவுதான். நமக்கு முக்கியமாக வேண்டியது ஃபீனாலிக் பசை. யூரியா பசை போட்ட பலகை ஈரம் பட்டால் அப்பளம்போல் அடுக்கடுக்காகப் பிரியும். கடைக்காரர் சொல்வதை நம்பாமல், ஒரு விரலளவுத் துண்டை வெட்டிச் சில மணி நேரம் கொதிக்க வையுங்கள். பிரிந்தால் அந்தப் பலகை வேண்டாம். வெட்டிய விளிம்பையும் உற்றுப் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவே கறுப்பாகப் பொந்து தெரிந்தால், உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் இன்னும் பத்து இருக்கும்.

பூச்சிக்கு மருந்து ஏற்றிய பலகையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். செம்பு உப்பு ஏற்றியது என்றால் தொடவே வேண்டாம்.

மூட்டுகளில் பசையும் திருகாணியும் இரண்டும் வேண்டும். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி, 15 செ.மீ.க்கு ஒன்று. பலகையின் விளிம்பில் திருகு ஏற்றும்போது முதலில் சிறு துளை போடாவிட்டால் அடுக்கு பிளந்துகொள்ளும். தலையைப் பலகைக்குள் ஒரு மி.மீ. இறக்கி, மேலே எபாக்சி (ஹார்டனர் என்ற இறுக்கும் திரவம் கலந்தால் கெட்டியாகும் ரெசின், அதாவது பிசின்) மக்கு வைத்து மூடிவிடுங்கள்.

ஜன்னலை ஒரே பலகையில் வெட்டுங்கள். நான்கு துண்டை ஒட்டிச் சட்டமாக்கினால் மூலைகள் கைவிடும். மூலையைக் கூராக வெட்டாமல் ஒரு டம்ளரை வைத்து வளைத்து வெட்டுங்கள். ரம்பம் மூலையைத் தாண்டி ஒரு நூல் ஓடினாலும் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். உள்ளிருந்து வரும் 200 × 48 துண்டை எடுத்து வையுங்கள், அதற்கும் வேலை வரும்.

மேலே நான்கு பக்கமும் 20 செ.மீ. அகலப் பட்டை படுக்கையாக ஓட வேண்டும், நடுவே குறுக்காக ஒன்று. அது இல்லாவிட்டால் முன்சுவரும் பின்சுவரும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகும்.

#7 பாசிபடிந்தவன்

பெயின்ட் யோசனை பற்றி என் அனுபவம். நான் அதைத்தான் அடித்தேன். நான்கு கை அல்ல, ஆறு கை. பளபளவென்று வந்தது. நான்காம் மாதம் அடிமூலையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கொப்புளம் கிளம்பியது. விரலால் அழுத்தினேன், தோல் உரிவதுபோல் கை அகலத்துக்கு உரிந்து வந்தது. அடியில் மரம் கறுத்து, நகத்தால் சுரண்டினால் மாவாக வந்தது. பெயின்ட் மரத்தைப் பிடிக்கவே இல்லை, மேலே சும்மா உட்கார்ந்திருந்தது. மழை பெய்து காய்ந்துவிடும் சுவருக்கும், ஆண்டு முழுவதும் தண்ணீரில் கிடக்கும் மரத்துக்கும் வித்தியாசம் உண்டு.

பெட்டியை உடைத்து எறிந்தேன். மீன்கள் மூன்று வாரம் வாளியிலும் நண்பர்கள் வீட்டிலுமாக இருந்தன.

#8 ஈரக்கை

சரி, பெயின்டும் போயிற்று. அப்படியானால் பெட்டியின் உட்புறம் முழுவதற்கும் எபாக்சிதான் வழி. அதன் விலையைப் பார்த்தால் பிளைவுட்டையே தாண்டுகிறது. பாலியெஸ்டர் ரெசின் பாதி விலைக்குக் கிடைக்கிறதே?

#9 படகுப்பட்டறை

> பாலியெஸ்டர் ரெசின் பாதி விலைக்குக் கிடைக்கிறதே?

மரத்தோடு ஒட்டுவதில் எபாக்சிக்கு ஈடில்லை. பாலியெஸ்டர் இறுகும்போது சுருங்கும், கொஞ்சம் நொறுங்கும் குணமும் உண்டு. மரம் அசையும்போது அது பிரிந்து வரும். மரத்தின் மேல் பாலியெஸ்டர் போட்ட படகுகளை நான் சுரண்டியே பாதி ஆயுள் கழிந்தது.

எபாக்சியில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். மிச்சம் பிடிக்கும் இடத்தைத்தான் முன்பே சொல்லிவிட்டேனே. ஜன்னலைச் சிறிதாக்கியதில் மிஞ்சிய பணம் இங்கே வர வேண்டியது.

உள்பரப்பு கிட்டத்தட்ட 6 சதுர மீட்டர், விளிம்புகளையும் சேர்த்தால் 7. மரத்துக்கு முதல் கை, அதன் மேல் 200 கிராம் கண்ணாடியிழைத் துணி ஒரு அடுக்கு, துணியின் நெசவு மறையும்வரை இன்னும் இரண்டு கை. மூலை நிரப்புவதையும் வீணாவதையும் சேர்த்து எட்டு கிலோ வாங்குங்கள். துணி என்றால் நெய்த துணி. இழைகளை வெட்டித் தூவிப் பாய்போல் அழுத்தியதாக ஒன்று மலிவாகக் கிடைக்கும், அதை வாங்காதீர்கள். அதில் இழைகளைப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும், எபாக்சியில் கரையாமல் முறுக்கிக்கொண்டு நிற்கும்.

கலக்கும்போது ஒரே விதி: டப்பாவில் எழுதிய விகிதம். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் இறுகவே இறுகாது, நாளைக்கும் பிசுபிசுக்கும். எடை விகிதமா, கொள்ளளவு விகிதமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒன்றல்ல.

பொழுது சாயும் நேரத்தில் பூசுங்கள். காலையில் பூசினால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து, ஈரமான எபாக்சி வழியே குமிழ் விட்டு வெளியேறும். ஒவ்வொரு குமிழும் ஓர் ஊசித்துளை. மாலையில் மரம் குளிரும்போது காற்று சுருங்கி, எபாக்சியை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

துணியை விரித்து ரெசினை ஊற்றித் தள்ளும்போது அது வெள்ளையிலிருந்து கண்ணாடிபோல் மாறும். எங்கே வெள்ளை மிஞ்சியிருக்கிறதோ அங்கே நனையவில்லை. நேர்மூலையில் துணி மடங்காது, தூக்கிக்கொண்டு நிற்கும். அதனால் முதலில் எபாக்சியில் சிலிக்காத் தூளைக் குழைத்து வெண்ணெய்ப் பதத்துக்குக் கொண்டுவந்து, மூலைகளில் ஒரு கரண்டியின் பின்புறத்தால் வழித்து வளைவாக்கிக்கொள்ளுங்கள்.

இறுகிய பின் மேலே மெழுகுபோல் ஒரு வழுக்கல் படியலாம். அடுத்த கைக்கு முன் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவி, உப்புத்தாள் போடுங்கள். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் அந்த மெழுகை நீங்களே உள்ளே தேய்த்து விடுவீர்கள்.

கையுறை இல்லாமல் தொடாதீர்கள். ஒரு தடவை உடம்புக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு ஆயுளுக்கும் எபாக்சி பக்கம் போக முடியாது. எங்கள் பட்டறையில் ஒருவர் அப்படித்தான் தொழிலையே விட்டார்.

#10 தரைமட்டம்

தொட்டியை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று யாரும் கேட்கவே இல்லை. தண்ணீர் மட்டும் 1.4 டன். அடிப்பரப்பால் வகுத்தால் சதுர மீட்டருக்கு 650 கிலோவுக்கும் மேல். வீட்டு மாடித் தளங்களைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவுக்குத்தான் வடிவமைக்கிறார்கள். மாடி என்றால் கட்டடப் பொறியாளரிடம் காட்டாமல் ஒரு வாளித் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள்.

#11 ஈரக்கை

தரைத்தளம்தான், மண்மேல் போட்ட கான்கிரீட். தாங்கி கட்ட கான்கிரீட் கட்டைகள் வைத்திருக்கிறேன்.

#12 தரைமட்டம்

அப்படியானால் சரி. ரசமட்டம் வைத்து நீளவாக்கிலும் மூலைக்கு மூலையும் பாருங்கள். அடிப்பலகை முழுவதும் தாங்கியில் உட்கார வேண்டும், நடுவில் தொங்கக் கூடாது.

#13 மேலிருந்து பார்ப்பவன்

எல்லோரும் ஜன்னலையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். ஜன்னலே வேண்டாம் என்றால்? மரப்பெட்டி, உள்ளே குளத்துக்கு விரிக்கும் ரப்பர் விரிப்பு, முடிந்தது. எபாக்சி இல்லை, கண்ணாடி இல்லை, ஒரே நாளில் வேலை தீரும். கோய் மீனையும் ராஞ்சுத் தங்கமீனையும் மேலிருந்து பார்த்து ரசிக்கத்தானே வளர்த்தெடுத்தார்கள்.

#14 கண்ணாடிக்கட்சி

இந்த இழையிலேயே மலிவான யோசனை இதுதான். எனக்கே பிடித்திருக்கிறது. ஆனால் அரோவானாவை மேலிருந்து பார்த்தால் ஒரு பட்டைக்கத்தி நீந்துவதுபோல் இருக்கும். பக்கவாட்டுச் செதில்தானே அதன் அழகு.

#15 ஈரக்கை

விரிப்பை வைத்துக்கொண்டு ஜன்னலும் வைக்க முடியாதா?

#16 படகுப்பட்டறை

செய்பவர்கள் இருக்கிறார்கள். விரிப்பை ஜன்னல் அளவுக்கு வெட்டி, கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவே நெருக்கிப் பிடிக்க வேண்டும். நீண்ட ஜன்னலில் எங்காவது ஓர் இடத்தில் மடிப்பு விழும், அங்கே ஒழுகும். எனக்குத் துணிவில்லை.

#17 ஈரக்கை (ஐந்து வாரங்களுக்குப் பிறகு)

பெட்டி எழுந்துவிட்டது. மூலைமட்டம் வைத்துப் பார்த்ததில் ஒரே ஒரு மூலை 2 மி.மீ. கோணல், அதைக் கண்டும் காணாமல் விட்டுவிட்டேன்.

எபாக்சி அனுபவம். முதல் நாளே சுட்டுக்கொண்டேன். ஒரே தடவையில் வேலையை முடிக்கலாம் என்று ஒரு கிலோவை ஆழமான பிளாஸ்டிக் வாளியில் கலந்தேன். மூலையில் கரண்டி போட்டு வழித்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஏதோ கருகிய வாசனை. திரும்பிப் பார்த்தால் வாளியிலிருந்து புகை. தூக்கினேன், அடி இளகிக் கையோடு வந்தது. உள்ளே மஞ்சளாகப் பாறைபோல் ஒரு கட்டி. நல்லவேளை, வாசலுக்குக் கொண்டுபோய் மணலில் போட்டேன். ஒரு கிலோ போயிற்று.

#18 படகுப்பட்டறை

இதைச் சொல்ல மறந்தது என் தப்பு. எபாக்சி இறுகும்போது சூடு கிளப்பும். ஆழப் பாத்திரத்தில் குவிந்திருந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் தன்னைத்தானே வேகவைத்துக்கொள்ளும். கால் கிலோவுக்கு மேல் ஒரே நேரத்தில் கலக்காதீர்கள், கலந்ததும் அகலத் தட்டில் ஊற்றிப் பரப்பிவிடுங்கள்.

#19 ஈரக்கை

அதற்குப் பிறகு அப்படியே செய்தேன், தொல்லை இல்லை. துணி கண்ணாடியாக மாறுவதைப் பார்ப்பது இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு தொட்டி கட்டலாம். கடைசிக் கைக்குக் கறுப்பு நிறம் கலக்கலாமா?

#20 உளிச்சத்தம்

கலக்காதீர்கள். நிறமில்லாமல் விட்டால் மரம் தெரியும். தண்ணீர் எங்காவது புகுந்தால் அந்த இடம் கறுத்துக் காட்டிக்கொடுக்கும். கறுப்படித்தால் நோய் முற்றிய பிறகுதான் தெரியும்.

#21 கண்ணாடிக்கட்சி

இதில் நான் மாறுபடுகிறேன். கறுப்புப் பின்னணியில்தான் மீன் எடுப்பாகத் தெரியும். பாசி படிந்த பின் எல்லாத் தொட்டியும் ஒரே நிறம் என்பது வேறு விஷயம்.

#22 படகுப்பட்டறை

இனி கண்ணாடி. முதலில், சிலிக்கான் என்பது கடைசி வேலை. சிலிக்கான் பட்ட இடத்தில் எபாக்சி ஒட்டாது, பெயின்ட் ஒட்டாது, எதுவும் ஒட்டாது. எல்லாப் பூச்சும் முடிந்து, ஒரு வாரமாவது இறுகிய பின்தான் குழலைத் திறக்க வேண்டும். பூஞ்சைத் தடுப்பு கலந்த குளியலறைச் சிலிக்கான் கூடாது, அந்த மருந்து மீனுக்கும் விஷம்தான்.

தொட்டியை முன்பக்கம் தரையைப் பார்க்கும்படி கவிழ்த்துவிடுங்கள். ஜன்னலைச் சுற்றி உப்புத்தாள் போட்டு ஆல்கஹாலால் துடையுங்கள். 3 மி.மீ. ரப்பர் துண்டுகளை ஆங்காங்கே வையுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியின் எடை சிலிக்கானை மொத்தமாகப் பிதுக்கி வெளியேற்றிவிடும். 6 செ.மீ. அகலம் முழுவதும் சிலிக்கான் பூசும் ஆசை வரும். வேண்டாம். சிலிக்கான் காற்றின் ஈரத்தில்தான் இறுகும், ஓரத்திலிருந்து உள்ளே போகப் போக மெதுவாகும். அகலமாகப் பூசினால் நடுப்பகுதி வாரக்கணக்கில் பச்சையாகவே கிடக்கும். 2 செ.மீ. அகலத்தில், இடைவெளி விடாமல் ஒரே ஓட்டமாக ஒரு வரி போடுங்கள். கண்ணாடி 38 கிலோ இருக்கும். மூன்று பேர், உறிஞ்சுபிடி இரண்டு. இறக்கிய பின் நகர்த்தக் கூடாது.

உள்ளிருந்து கண்ணாடி வழியே பார்த்தால் சிலிக்கான் வரி எங்கும் அறுபடாமல் தெரிய வேண்டும். இரண்டு வாரம் தொடாதீர்கள்.

#23 ஈரக்கை (மூன்று வாரங்களுக்குப் பிறகு)

தண்ணீர் விட்டேன். கால் பங்கு, ஒரு நாள். அரைப் பங்கு, ஒரு நாள். முழுவதும். முன்சுவரின் மேல்விளிம்பில் இரு முனைக்கும் நூல் கட்டி நடுவே அளந்தேன். முழுத்தண்ணீரில் 2 மி.மீ. வெளியே வந்திருக்கிறது, அதோடு நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் காலை, அடியில் விரித்திருந்த செய்தித்தாளில் பின்பக்க இடது மூலை மட்டும் ஈரம். கையகலத்துக்கு. வயிற்றைக் கலக்கிவிட்டது. உள்ளே அந்த மூலையை டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. பூச்சு கண்ணாடிபோல் இருக்கிறது. மூலைக்கு மேல் சிலிக்கான் போட்டுவிடட்டுமா?

#24 படகுப்பட்டறை

போடாதீர்கள்! தண்ணீர் வெளியே வரும் இடம் வேறு, உள்ளே போகும் இடம் வேறு. பிளைவுட்டில் புகுந்த நீர் அடுக்கின் நடுவே இழையோட்டத்தைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடக்கும். பின்சுவரில் வழிவுக்குழாய்க்கு (மிஞ்சும் தண்ணீர் வடிகட்டிக்குப் போகும் குழாய்) துளை போட்டீர்களா? பூச்சுக்கு முன்பா, பின்பா?

#25 ஈரக்கை

பின்பு. முதலில் போட்ட துளை வடிகட்டிக் குழாய்க்கு நேராக வரவில்லை. எபாக்சி முடிந்த பிறகு 3 செ.மீ. தள்ளி அகலப்படுத்தினேன். வெட்டுமுகத்துக்குச் சிலிக்கான் தடவினேன். ஆனால் அது மூலையிலிருந்து 70 செ.மீ. தள்ளி இருக்கிறதே?

#26 உளிச்சத்தம்

தம்பி, அதுதான். குழாய்ப்பொருத்தியைக் கழற்றி வெட்டுமுகத்தைப் பாருங்கள்.

#27 ஈரக்கை

கழற்றினேன். சிலிக்கான் ஒரு வளையமாகக் கையோடு வந்தது. பூச்சில்லாத வெறும் மரத்தில் அது ஒட்டவே இல்லை. துளையின் ஓரத்தில் அடுக்குகள் ஒன்றுவிட்டு ஒன்று கறுத்திருக்கின்றன. வெளியே வெளுப்பாக இருந்த பலகையில், துளையிலிருந்து மூலைவரை மெல்லிய நிழல்போல் ஒரு கோடு சாய்வாக ஓடுகிறது. தெரிந்த பிறகு பார்த்தால் நன்றாகவே தெரிகிறது.

#28 படகுப்பட்டறை

படகில் இரும்பாணி இறக்கும் இடமெல்லாம் நாங்கள் இப்படித்தான் செய்வோம்: தேவையைவிடப் பெரிய துளை போட்டு, அதை எபாக்சி மக்கால் முழுவதும் அடைத்து, இறுகிய பின் அதன் நடுவே சரியான அளவுத் துளை. அப்போது குழாயைச் சுற்றி இருப்பது மரம் அல்ல, ஒரு எபாக்சி வளையம். ரப்பர் வாஷர் தண்ணீர்ப் பக்கம் வர வேண்டும்.

ஆனால் அதற்கு முன் காய வேண்டும். நன்றாகக் காய வேண்டும். ஈர மரத்தை மூடினால் உள்ளே உளுக்கும். மின்விசிறியைத் திருப்பி வையுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து, துளையைச் சுற்றிப் பூச்சில்லாத வெளிப்பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் ஒட்டி இரவு முழுவதும் விடுங்கள். காலையில் தாளின் உள்ளே பனித்திருந்தால் இன்னும் காயவில்லை.

#29 பாசிபடிந்தவன்

வெளிப்பக்கத்தைப் பூசாமல் விட்டிருப்பது நல்லதாகப் போயிற்று. பூசியிருந்தால் அந்த நிழலும் தெரிந்திருக்காது, காயவும் செய்யாது.

#30 படகுப்பட்டறை

காய்ந்த பிறகாவது வெளியே ஒரு கை பூசத்தான் வேண்டும் என்பது என் கட்சி. தண்ணீர் மாற்றும்போது வழியாத தொட்டி எங்கே இருக்கிறது?

#31 ஈரக்கை (இரண்டு மாதங்களுக்குப் பிறகு)

தாமதத்துக்கு மன்னிக்கவும். காய வைத்ததே 24 நாள். முதல் தாளில் பனித்தது, இரண்டாவதில் இல்லை. எபாக்சி வளையம் வைத்தேன். மறுபடி முழுத்தண்ணீர், பத்து நாள், செய்தித்தாள் மொரமொரவென்று இருந்தது. அந்தத் தண்ணீரை இறக்கிவிட்டுப் புதிதாக நிரப்பினேன். பழைய தொட்டியின் வடிகட்டிப் பஞ்சை இங்கே போட்டு, மீனுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் மீன்களை மாற்றினேன். அதற்கு நான்கு வாரம் ஆயிற்று.

செலவு கேட்பவர்களுக்கு: மொத்தத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு எபாக்சிக்கும் துணிக்கும். பிளைவுட் கால் பங்கு. கண்ணாடி அதைவிடக் குறைவு. மீதி சிலிக்கான், திருகாணி, குழாய், எரிந்துபோன வாளி. முழுக் கண்ணாடித் தொட்டிக்குச் சொன்ன விலையில் பாதியைத் தொடவில்லை. என் கூலியைக் கணக்கில் சேர்க்கவில்லை, சேர்த்தால் வீட்டில் கேள்வி வரும். ஓர் எதிர்பாராத லாபம்: மரம் சூட்டைக் கடத்தாததால் பழைய தொட்டியைவிட மூன்று மடங்குக்கு மேல் தண்ணீர் இருந்தும் ஹீட்டர் அடிக்கடி எரிவதில்லை.

ஆஸ்கார் இரண்டும் கல்லைப் புரட்டிப் போடும் பழக்கத்தை விடவில்லை. பூச்சில் கீறல் விழுமோ என்று பெரிய கற்களை எடுத்துவிட்டேன்.

#32 கண்ணாடிக்கட்சி

வாழ்த்துகள். நூல் இப்போது என்ன சொல்கிறது?

#33 ஈரக்கை

அதே 2 மி.மீ. கழற்ற மனமில்லாமல் நூலை அப்படியே விட்டிருக்கிறேன்.

#34 உளிச்சத்தம்

ஜன்னலிலிருந்து வெட்டி எடுத்த 200 × 48 துண்டு என்னவாயிற்று?

#35 ஈரக்கை

நடுவில் அறுத்து இரண்டு மூடிகளாக்கினேன். மேல்பட்டைகளுக்கு நடுவே இருக்கும் இரண்டு வாய்க்கும் அளவெடுத்ததுபோல் பொருந்தின. மிஞ்சிய எபாக்சியை இருபக்கமும் பூசிவிட்டேன். முதல் இரவே அரோவானா துள்ளி வலப்பக்க மூடியைத் தூக்கிவிட்டது. இப்போது ஆளுக்கொரு செங்கல் ஏற்றி வைத்திருக்கிறேன்.